போனில் பக்கவாட்டில் ஓடிய பக்கத்தை நிறுத்திய விதம்

ஒரு சிறு நிறுவனத்தின் இணையதளத்தை நான்தான் பராமரிக்கிறேன். கணினியில் பளிச்சென்று தெரியும் பக்கம், போனில் பொடி எழுத்தாகச் சுருங்கி நின்றது. பக்கத்தின் குறியீட்டில், தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியில், பக்கம் எவ்வளவு அகலம் என்று பிரௌசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் என்ற வரி இல்லை. அது இல்லையென்றால் மொபைல் பிரௌசர்கள் பொதுவாகப் பக்கத்தின் அகலம் 980 பிக்சல் என்று எடுத்துக்கொண்டு, திரைக்குள் சுருக்கிவிடும். அகலத்தை டிவைஸ்-விட்த் (திரையின் அகலமே) என்று சொல்லும் அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் எழுத்து படிக்கும்படி வந்தது.

அப்புறம்தான் உண்மையான வேலை. விரல் பட்டால் பக்கம் முழுவதும் இடதும் வலதுமாக நகர்ந்தது. காரணம் எது என்று கண்டுபிடிக்க, பக்கத்தில் உள்ள எல்லா எலிமென்ட்டுக்கும், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும், சிவப்பு அவுட்லைன் போட்டுப் பார்த்தேன். விலைப்பட்டியல் டேபிள்தான் திரையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. பாடிக்கு (பக்கம் முழுமைக்கும்) ஓவர்ஃப்ளோ ஹிடன், அதாவது திரையைத் தாண்டுவதை மறைக்கும் கட்டளை, கொடுத்தால் தீர்ந்தது என்பார்கள். தயவுசெய்து வேண்டாம், வலது ஓரத்தில் இருக்கும் விலை வாடிக்கையாளர் கண்ணிலேயே படாது. டேபிளை ஒரு டிவ்வுக்குள் (பெட்டி போன்ற பகுதி) வைத்து, அதற்கு மட்டும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ, அதாவது தேவைப்பட்டால் பக்கவாட்டில் நகரவிடும் கட்டளை, கொடுத்தேன். இப்போது டேபிள் மட்டும் நகர்கிறது, பக்கம் அசைவதில்லை.

ஐபோனில் இன்னொரு தொல்லை. படிவத்தில் பெயர்ப் பெட்டியைத் தொட்டாலே திரை பெரிதாகிவிடும். இன்புட் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் சஃபாரி அப்படிச் செய்யும். 16 ஆக்கினேன், நின்றுவிட்டது. இதற்காக ஜூமையே முடக்குவது பார்வை மங்கியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக, தொலைபேசி எண்ணை டெல் லிங்க்காக, அதாவது தொட்டு அழைக்கும் இணைப்பாக, மாற்றினேன். போனில் வருபவர்களில் பலர் தேடுவது அதைத்தானே. தொட்டால் டயலர் திறக்கிறது.