பொன்னுக்கு வீங்கி வந்து போன ஆண்கள் விந்துப் பரிசோதனைக்கு எப்போது, எப்படிப் போவது?

கன்னம் வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும். ஆனால் பருவம் வந்த ஆண் என்றால் கன்னத்தை மட்டும் பார்த்தால் போதாது.

1. விரையில் வலி வந்தால்

கன்னம் வீங்கி ஒரு வாரம் வாக்கில் காய்ச்சல் திரும்ப அடித்து, ஒரு பக்க விரை வீங்கி வலித்தால், பொன்னுக்கு வீங்கி வைரஸ் அங்கேயும் இறங்கியிருக்கலாம். தடுப்பூசி போடாத ஆண்களுக்குப் பருவ வயதுக்குப் பிறகு இந்த நோய் வந்தால், நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இப்படி ஆகிறது. ஆனாலும் "அதுதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். விரை முறுக்கிக்கொண்டாலும் இதே வலிதான். அதை 6 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விரையையே இழக்க நேரலாம். நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். டாக்டர் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிடுவார்.

வைரஸ்தான் என்றால் ஓய்வு, வலி மாத்திரை, துணியில் சுற்றிய ஐஸ். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

2. மூன்று மாதம் பொறுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். காய்ச்சல் விட்ட கையோடு லேபுக்கு ஓடி, விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வாங்கி, தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். உடம்புச் சூட்டை விட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விரை ஒழுங்காக வேலை செய்யும். டெங்கு, ஃப்ளூ, கொரோனா என எந்தக் காய்ச்சல் அடித்தாலும் எண்ணிக்கை கொஞ்ச காலத்துக்கு இறங்கலாம். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள், வெளியே வர மேலும் ஓரிரு வாரம். அதாவது இன்றைய சாம்பிள் சொல்வது மூன்று மாதத்துக்கு முந்தைய கதையை.

3. சாம்பிள் கொடுப்பது

சாம்பிள் கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். லேபிலேயே கொடுத்துவிடுவது உத்தமம். வீட்டில் எடுத்தால் அவர்கள் தந்த டப்பாவில்தான். சாதாரண ஆணுறையில் பிடிக்கக் கூடாது. டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். முதல் துளிகள் சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், விந்தணு அதிகம் இருப்பது அதில்தான்.

4. ரிப்போர்ட்

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த கீழ் எல்லை: அளவு 1.4 மி.லி., மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, அசைவு 42 சதவீதம். சரியான வடிவத்துக்கு வெறும் 4 சதவீதம் போதும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எண்ணிக்கை குறைந்திருந்தால் இன்னொரு முறை எடுத்துவிட்டு ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்கப் பிரச்சினைகளைப் பார்க்கும்) டாக்டரிடம் போங்கள். ஒரு விரை சுருங்கிப்போனாலும் மற்றது தாங்கும்; குழந்தையே பிறக்காது என்ற நிலை அபூர்வம்.

5. வீட்டில் பையன் இருந்தால்

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 'எம்ஆர்' என்று மட்டும் இருந்தால் அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவது 'எம்எம்ஆர்'. அதைக் குழந்தைகள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.