பி.டி. திரிபுகளின் மரபணுத்தொகை ஒப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவை உழவர்கள் பி.டி. என்றே அறிவார்கள். புழுவைக் கொல்லும் அதன் கிரை மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோமில் இல்லை. பிளாஸ்மிட் எனப்படும் தனி டி.என்.ஏ.க்களில் இருக்கின்றன. பி.டி.யின் திரிபுகளை, அதாவது உள்வகைகளை, ஒப்பிடுவோர் செய்யும் மிக மோசமான பிழைகள் இதை மறப்பதால் வருபவை.

குரோமோசோமை மட்டும் பார்த்து, இரண்டு திரிபுகளும் ஒன்றே என்று முடிவுகட்டாதீர்கள். பாக்டீரியாக்களை இனங்காணப் பயன்படும் 16எஸ் என்ற மரபணுவின் வரிசையை நம்புவது அதைவிட மோசம், பி.டி.யையும் உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸையும் அது நம்பகமாகப் பிரித்துக் காட்டாது. கொசுப்புழுவைக் கொல்லும் இஸ்ரேலென்சிஸ் வகை 1976இல் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது. அதன் கிரை, சைட் நச்சு மரபணுக்கள் பிபிடாக்சிஸ் என்ற ஒரே பிளாஸ்மிட்டில், சுமார் 1,28,000 கார இணைகளுக்குள் (டி.என்.ஏ. எழுத்துகளுக்குள்) அடங்கிவிடுகின்றன. குரோமோசோமோ 50 லட்சத்தைத் தாண்டும். அந்தப் பிளாஸ்மிட் போய்விட்டால் குரோமோசோம் அப்படியே இருக்கும், கொசுப்புழுதான் சாகாது.

பிளாஸ்மிட் ஆய்வகத்திலேயே தொலைந்துபோகக்கூடியது. திரும்பத் திரும்ப மறுவளர்ப்பு செய்தாலும், 42 டிகிரி வெப்பத்தில் வளர்த்தாலும் அது கழன்றுவிடலாம். ஆகவே புழுக்களில் சோதித்த அதே உறைநிலை இருப்பிலிருந்தே டி.என்.ஏ.வை எடுங்கள். இது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் இதைச் செய்யாத ஒப்பீட்டில் எதை எதோடு ஒப்பிட்டோம் என்பதே நிச்சயமில்லை.

வெறும் 150 எழுத்து நீள டி.என்.ஏ. வாசிப்புத் துண்டுகளை ஒட்டி முழு மரபணுத்தொகையைத் தொகுப்பதும் தவறு. கிரை மரபணுக்களின் இருபுறமும் ஐ.எஸ்.231 போன்ற இடம்பெயரும் கூறுகள் பல நகல்களாக இருப்பதால், தொகுப்பு சரியாக அங்கேயே அறுந்துவிடும். ஒன்றையொன்று மிகவும் ஒத்த கிரை1ஏஏ, கிரை1ஏபி, கிரை1ஏசி மரபணுக்கள் மூன்றும் ஒரே திரிபில் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இல்லாத மரபணு ஒன்று உருவாகிவிடும். டி.என்.ஏ.வை நீளமான துண்டுகளாகப் படிக்கும் நீண்ட வாசிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பினால் சிறிய பிளாஸ்மிட்டுகள் நழுவக்கூடும். ஏற்கெனவே வரிசை தெரிந்த ஒரு மாதிரித் திரிபின் மேல் பொருத்திப் பார்ப்பதோடு நிறுத்தினால், மாதிரியில் இல்லாத நச்சு மரபணு கண்ணிலேயே படாது.

பெயர்களிலும் கவனம் வேண்டும். 2020இல் வந்த புதிய பெயரிடல் முறையில் கிரை34, கிரை35 ஆகியவை ஜிபிபி34, டிபிபி35 ஆகிவிட்டன. பழைய பட்டியலையும் புதியதையும் கலந்தால், ஒரே மரபணு இரண்டு வேறுபாடுகளாகக் கணக்கில் ஏறும்.

மரபணு இருப்பதாலேயே அது வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். புகழ்பெற்ற எச்.டி.-1 திரிபில் கிரை2ஏபி மரபணு முழுமையாகவே இருக்கிறது. இயக்கும் பகுதி சரியில்லாததால் ஊமையாகக் கிடக்கிறது. பாக்டீரியா உருவாக்கும் படிக வடிவ நச்சுப் புரதத்தைப் பிரித்துப் பாருங்கள், இலையில் தடவிப் புழுவுக்குக் கொடுங்கள், பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவைக் கணக்கிடுங்கள். அந்த எண்ணை மரபணு அட்டவணையின் பக்கத்திலேயே தாருங்கள்.