பதினொரு நாள் தூக்கத்தைக் கெடுத்த கோபம்

அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை. அதற்கப்புறம் பதினொரு நாள், அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பல்லைக் கடித்தபடியே தூங்கியிருப்பேன்; தாடை வலிக்கும்.

முதலில் பேசாமல் இருந்து பார்த்தேன். பதில் மெசேஜ் எழுதி எழுதி அழித்தேன். சரி, ஜெபிப்போம் என்று முழங்காலில் நின்றேன். கோபம் இன்னும் ஏறியது! கவனித்தபோதுதான் புரிந்தது: நான் ஜெபிக்கவில்லை, அண்ணன்மேல் ஆண்டவரிடம் புகார் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதே சண்டையைத் தினமும் புதிதாகப் போட்டிருக்கிறேன்.

பைபிளில் பிலிப்பியர் 4:6 வசனம் மனப்பாடமாகத் தெரியும். 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்பதிலேயே நின்றுவிடுவேன். அதே வசனத்தில் 'ஸ்தோத்திரத்தோடே கூடிய' ஜெபம், அதாவது நன்றியோடு சேர்ந்த ஜெபம் என்றும் இருக்கிறது. சிறையிலிருந்து பவுல் எழுதியது அது.

அன்றிரவு புகாருக்கு முன்னால் ஸ்தோத்திரம். கேரியரில் என்னை உட்காரவைத்து அண்ணன் சைக்கிள் மிதித்ததற்கு, வாய்விட்டு நன்றி சொன்னேன். அப்புறம் சொல்ல வைத்திருந்த புகார் பாதிதான் வந்தது. மீதியை, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஆண்டவரே" என்று விட்டேன்.

முதல் இரண்டு இரவும் விழிப்பு வந்தது. அப்போதும் ஸ்தோத்திரத்தில்தான் தொடங்கினேன். நான்காம் நாள் காலை தாடை வலிக்கவில்லை. நானே அண்ணனுக்கு போன் போட்டேன்.