அன்லாக்டு போனில் சிக்னல் குறையுமா? சரிபார்க்கும் முறை

அமெரிக்காவில் நெட்வொர்க் நிறுவனங்களே விற்கும் போனைவிட, வெளிக்கடையில் வாங்கும், எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும் அன்லாக்டு போனில் சிக்னல் மோசம் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் லாக் என்பது எந்த சிம்மை ஏற்கலாம் என்று தீர்மானிக்கும் மென்பொருள் கட்டுப்பாடு மட்டுமே. ஆன்டெனாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேறுபாடு இருந்தால், அது மாடலால் வருவது.

ஆகவே முதலில் செட்டிங்ஸில் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த எண்ணுக்குரிய 4ஜி, 5ஜி பேண்டுகளை, அதாவது போன் பிடிக்கக்கூடிய அலைவரிசைப் பகுதிகளைப் பாருங்கள். போனின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் இந்த எண் நாட்டுக்கு நாடு மாறக்கூடும். அமெரிக்க நெட்வொர்க் நிறுவனங்களில் வெரைசானுக்கு 700 மெகாஹெர்ட்ஸில் உள்ள 13ஆம் பேண்டும், டி-மொபைலுக்கு 12ஆம் பேண்டும் 600 மெகாஹெர்ட்ஸில் உள்ள 71ஆம் பேண்டும் முக்கியம். இந்தத் தாழ் அலைவரிசைகளே தொலைதூரம் செல்பவை, சுவரையும் எளிதில் ஊடுருவுபவை என்பதால், 71ஆம் பேண்டு இல்லாத ஒரு போன் (சென்னையில் வாங்கிச் சென்றதாக இருக்கலாம்) நகரத்தில் நன்றாக இயங்கிவிட்டு, ஊர்ப்புற நெடுஞ்சாலையில் திணறலாம்.

அடுத்து, ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை நெட்வொர்க் நிறுவனத்தின் தளத்தில் இட்டுச் சரிபாருங்கள். 2022இல் அமெரிக்காவில் 3ஜி நிறுத்தப்பட்டுவிட்டதால், 4ஜி வழிக் குரல் அழைப்புக்கு ஒப்புதல் பெறாத போனில் டேட்டா ஓடினாலும் அழைப்பு போகாமல் போகலாம்.

ஒப்பிட விரும்பினால், ஒரே சிம்மை இரு போன்களிலும் மாற்றிப் போட்டு, ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் கணக்கில் வரைவது அது. ஆண்ட்ராய்டில் சிம் நிலை பகுதியில் சிக்னல் வலிமையைக் குறிக்கும் டிபிஎம் அளவு தெரியும்: மைனஸ் 90 நல்லது, மைனஸ் 115 பலவீனம்.