விடுபட்ட ஆட்டக்காரனுக்காக மனு எழுதுவது எப்படி

செங்கோட்டையில் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லித்தருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் கேட்சரை, அதாவது அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் பையனை, அணித் தேர்வில் விட்டுவிட்டார்கள். “நன்றாக ஆடுவான் ஐயா” என்று போய் நின்றேன். யாரும் தலை நிமிரவில்லை.

முதலில் கோபத்தை ஆறப்போடுங்கள். பிறகு ஸ்கோர் நோட்டை எடுங்கள். அது பென்சிலால் எழுதியதாக இருக்க வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வந்தால் பேனா மை கரைந்து ஓடும். ஒரு பருவக் கணக்கே எனக்கு அப்படிப் போயிற்று.

அடித்ததை மட்டும் எண்ணாதீர்கள். நான்கு தவறான பந்துகளைத் தொடாமல் விட்டு முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய முதல் இடம்) நடந்ததையும் கூட்டுங்கள். பேட்டிங் சராசரியில் அது தெரியாது. கேட்சர் என்றால், பேஸ் திருட, அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு, ஓடியவர்களில் எத்தனை பேரைப் பந்தெறிந்து அவுட்டாக்கினான் என்பதே முக்கியம்.

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் டிம் சால்மன் 1995இல் 34 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து எல்லா பேஸையும் சுற்றி வருவது) அடித்தார், பேட்டிங் சராசரி .330. வாழ்நாள் கணக்கு 299 ஹோம் ரன். சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் நடத்தும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஒருமுறைகூட ஆடவில்லை! அங்கே ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது ஓர் இடம் என்ற விதியும் உண்டு. நல்லவர்கள் சிலர் நெரிசலில் விடுபடுவார்கள்.

ஆகவே, தேர்வான பையனின் எண்களையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அவனைத் தாழ்த்தி ஒரு சொல்லும் வேண்டாம். அவன் அப்பாவும் நம் டீக்கடைக்குத்தான் வருகிறார்.

ஒரே பக்கம், தேதி, கையெழுத்து. பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நான் மறுநாள் போனேன்.