சர்க்கரை வந்துருச்சுன்னா ஹார்ட்டுக்கும் ஒரு கணக்கு போட்டுருங்க

லேப்ல ரிப்போர்ட்ட கையில குடுத்தா நம்மாளுக பாக்கறது ஒரே ஒரு லைன் தானுங்க, சுகர் எவ்வளவுன்னு. மத்தத புரட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. போன சித்திரைல எங்க மாமாவும் அப்படித்தான், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டறாரு, 51 வயசு, கால்ல புண்ணு ஆற மாட்டேங்குதுன்னு வந்தவருக்கு எச்பிஏ1சி, அதாவது மூனு மாச சுகரோட சராசரி, 8.4. "ஏம் அம்மிணி, இனிப்ப உட்டுட்டா எறங்கிருமா?"ன்னாரு. "எறங்கும்ங்க மாமா, ஆனா மொதல்ல உங்க ஹார்ட்டுக்கு எவ்வளவு ரிஸ்க்குன்னு பாத்துரோணும்"னேன். "நெஞ்சு வலியா கிலியா, கல்லாட்டம் இருக்கறேன் நானு"ன்னு சிரிக்கறாரு.

வலி இல்லைங்கறத நம்பவே கூடாதுங்க. சர்க்கரை உள்ளுக்குள்ள நரம்ப மரத்துப்போக வெச்சிருந்துச்சுன்னா ஹார்ட் அட்டாக்கே வந்தாலும் வலி சரியாத் தெரியாது, வேர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், மேல்வயிறு கேஸ் புடிச்சாப்பல அமுத்தும், தாடையோ எடது கையோ கடுக்கும், அவ்வளவுதான். இதெல்லாம் இருந்தா இந்தக் கட்டுரைய மூடி வெச்சுட்டு 108க்கு கூப்புடுங்க, சோடா குடிச்சுட்டு படுத்தறாதீங்க. நான் சொல்லப்போறது எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களுக்கு.

இன்னொன்னு, "இப்பத்தான வந்துருக்குது"ம்பாங்க. கண்டுபுடிச்சது தாங்க இப்ப. டைப் 2, அதான் பெரியவங்களுக்கு வழக்கமா வர்ற சர்க்கரை, வருசக்கணக்கா சத்தமில்லாம ஒடம்புல இருந்துட்டுத்தான் வெளிய தெரியும். பிரிட்டன்ல 1977ல ஆரம்பிச்ச யூகேபிடிஎஸ் ஆராய்ச்சில புதுசா சர்க்கரை கண்டுபுடிச்ச 5,102 பேரச் சேத்தாங்க, அதுல கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு கண்டுபுடிச்ச அன்னிக்கே எங்கியோ ஒரு எடத்துல சேதம் ஆரம்பிச்சிருந்துச்சு. அதனால இந்தக் கணக்க மொத மாசமே போட்டுரோணும்.

ஒரு நோட்டுப் பேப்பர் எடுத்துக்குங்க. வயசு, பீடி சிகரெட் உண்டா, எத்தனை வருசமா, உட்டிருந்தா எப்ப உட்டீங்க, இதெல்லாம் மறைக்காம எழுதுங்க. அடுத்தது குடும்பம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65க்கு முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்திருந்தா ரிஸ்க் கூடுது. இதுல நம்மூர்ல ஒரு சிக்கல், யாரும் ஹார்ட் அட்டாக்னு சொல்லவே மாட்டாங்க. எங்க அப்புச்சி களத்துல மஞ்சள் காயப்போட்டுட்டு இருந்தவரு "வாயு புடிச்சிருச்சு"ன்னு உக்காந்தாரு, எந்திரிக்கலை. எங்க வீட்டுல இன்னிக்கு வரைக்கும் அது வாயு தான். என்ன வயசுன்னும் தெரியாது, அம்மாயிகிட்ட "பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேட்டுக் கேட்டு கணக்குப் போட்டா 54 வந்துச்சு. அது எனக்குத் தாத்தா, மாமாவுக்குப் பெத்த அப்பா, ஆக மாமா பேப்பர்ல ஒரு டிக்.

இடுப்பளவு. பேண்ட் சைஸச் சொல்லாதீங்க, வேட்டி கட்டற எடத்துலயும் அளக்காதீங்க, தொப்பைக்குக் கீழ கட்டிட்டு 34ன்னு சொல்றவங்க நெறையப் பேரு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல டேப்ப வெச்சு, மூச்ச உட்டுட்டு, வயித்த எக்காம அளங்க. நம்ம ஒடம்பு வாகுக்கு ஆம்பளைகளுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைகளுக்கு 80, அதுக்கு மேல போனா எச்சு.

பிபிய ஆஸ்பத்திரில ஒருக்கா பாத்தது பத்தாது. மெஷின் இருந்தா ஒரு வாரம் வீட்டுல காலைலயும் சாயங்காலமும் பாருங்க, அரை மணி நேரம் முன்னாடி காபி பீடி கூடாது, சாஞ்சு உக்காந்து கால கீழ ஊனி, கைய நெஞ்சு மட்டத்துல மேசை மேல வெச்சு, அஞ்சு நிமிசம் பேசாம இருந்துட்டு ரெண்டு தடவை. மொத நாள் ரீடிங்க உட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி போடுங்க. வீட்டு சராசரி 135க்கு 85ஐத் தொட்டாலே அது பிபி தான். சர்க்கரை உள்ளவங்களுக்கு பொதுவா 130க்கு 80க்குள்ள வெச்சுக்கச் சொல்றாங்க. மாமாவுக்கு 146க்கு 92 இருந்துச்சு, "தறிச் சத்தத்துல அப்படிக் காட்டுது"ன்னாரு, செரின்னு ஞாயித்துக்கிழமை தறி நிறுத்துன அன்னிக்கு பாத்தோம், அதே தான்.

இனி ரத்தம். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் ஓரத்துல நார்மல்னு ஒன்னு போட்டிருக்குமே, அதப் பாத்து நிம்மதி ஆயிராதீங்க, அது எல்லாருக்கும் பொதுவா அச்சடிச்சது. மாமாவுக்கு மொத்தம் 212, எச்டிஎல்ங்கற நல்ல கொலஸ்ட்ரால் 36, ட்ரைகிளிசரைட்ங்கற ரத்தக் கொழுப்பு 240. நெறைய லேப்ல எல்டிஎல்ல, அதான் கெட்ட கொலஸ்ட்ரால, நேரடியா அளக்கறதில்லைங்க, ட்ரைகிளிசரைட்ட அஞ்சால வகுத்து எச்டிஎல்லோட சேத்து மொத்தத்துல கழிப்பாங்க, அப்படி வந்தது 128. பாத்தா சுமாராத்தான் தெரியுது. ஆனா சர்க்கரைக்காரங்களுக்கு ட்ரைகிளிசரைட் ஏறி இருந்தா எல்டிஎல் துகள் பொடிசாகி எண்ணிக்கை கூடிரும், ரிப்போர்ட்ல நம்பர் மட்டும் நல்லபிள்ளையாட்டம் நிக்கும். அதனால மொத்தத்துல எச்டிஎல்ல மட்டும் கழிச்சு ஒரு நம்பர் எழுதிக்குங்க, 176. அது 130க்குள்ள இருக்கோணும். எல்டிஎல் சர்க்கரை உள்ளவங்களுக்கு 100க்குள்ள, கூட வேற ரிஸ்க்கும் இருந்தா 70க்குள்ளன்னு டாக்டருக குறி வெப்பாங்க. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டுச்சுன்னா அந்தக் கழித்தல் கணக்கே தப்பாப் போயிரும், அப்ப எல்டிஎல்ல நேரடியா அளக்கச் சொல்லுங்க. லிப்போபுரோட்டீன் ஏ-ன்னு எல்டிஎல் மாதிரியே ஒரு கொழுப்புத் துகள் இருக்குது, பொறப்புலயே வர்றது, ஆயுசுக்கு ஒருக்கா பாத்தாப் போதும், வீட்டுல சின்ன வயசுல போனவங்க இருந்தா பாத்துருங்க.

இப்ப எல்லாரும் உட்டுடற டெஸ்டுக்கு வர்றேன். யூரின் அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ, அதாவது அல்புமின்ங்கற புரதம் யூரின்ல எவ்வளவு கசியுதுன்னு பாக்கறது. "அதான் யூரின் பாத்தாச்சே, அல்புமின் நில்னு போட்டிருக்குதே"ம்பாங்க. அது குச்சி முக்கிப் பாக்கறதுங்க, கொஞ்சமா கசியறது அதுல தெரியாது. கேட்டு வாங்குங்க, டைப் 2 கண்டுபுடிச்ச உடனே பாக்க வேண்டிய டெஸ்ட் இது. நம்ம தோட்டத்துல சொட்டுநீர் போட்டவங்களுக்கு வெளக்கவே வேண்டியதில்ல, உப்புத்தண்ணி ஓடற லைன்ல மொதல்ல கெடறது கடைசில இருக்கற பொடி ஓட்டை தான், அதப் பாத்துட்டு மெயின் பைப்புக்குள்ள என்ன படிஞ்சிருக்குதுன்னு சொல்லிருவோமில்ல, கிட்னில இருக்கற பொடி ரத்தக்குழாயும் அப்படித்தான், அங்க அல்புமின் கசியுதுன்னா ஒடம்பு பூரா ரத்தக்குழாய் சொவரு கெட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். 30க்குக் கீழ நார்மல், 30லிருந்து 300 கசிவு, அதுக்கு மேல ரொம்ப. காலைல மொத யூரின் நல்லது. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு, மொத நாள் மூட்டை தூக்குன மாதிரி கடும் வேலை, இதெல்லாம் இருந்தா தள்ளிப் போடுங்க. ஒருக்கா எச்சா வந்தா மூனுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள திருப்பிப் பாத்து, மூனு டெஸ்ட்ல ரெண்டு எச்சா வந்தாத்தான் உறுதி. மாமாவுக்கு 64. கூடவே ரத்தத்துல இருக்கற கிரியாட்டினின் வெச்சு ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கற கணக்கு, 60க்குக் கீழ போனா அதும் ஹார்ட் ரிஸ்க் தான்.

எல்லாம் வந்தாச்சுன்னா ஸ்கோர். உலக சுகாதார நிறுவனம் 2019ல போட்ட சார்ட்ல தெற்காசியாவுக்குன்னு தனிப் பக்கம் இருக்குது, 40லிருந்து 74 வயசு வரைக்கும், சர்க்கரை உள்ளவங்களுக்குத் தனிக் கட்டம். ஆணா பெண்ணா, பொகை உண்டா, வயசு, பிபில மேல் நம்பர், மொத்த கொலஸ்ட்ரால், இத வெச்சு கட்டத்தப் புடிக்கோணும். கொலஸ்ட்ரால் அதுல மில்லிமோல் கணக்கு, நம்ம நம்பர 38.67ஆல வகுத்துக்குங்க, 212ன்னா 5.5. பச்சைன்னா 5 சதவீதத்துக்குக் கீழ, மஞ்ச 5லிருந்து 10, ஆரஞ்சு 10லிருந்து 20, அதுக்கு மேல செவப்பு. 10 சதவீதம்னா உங்களாட்டம் 100 பேர்ல 10 பேருக்கு பத்து வருசத்துல மாரடைப்போ பக்கவாதமோ வரலாம்னு அர்த்தம், உங்களுக்கு வரும்னு ஜோசியம் இல்ல.

மஞ்ச வந்துதுன்னு துள்ளாதீங்க, அப்பா போன வயசு, யூரின் கசிவு, கிட்னி, இடுப்பளவு, ஒன்னும் அந்தச் சார்ட்டுக்குத் தெரியாது. இதுல ஒன்னு ரெண்டு இருந்தா சார்ட் சொல்றத விட மேலன்னு வெச்சுப் பேசோணும். 40 வயசுக்குள்ள சர்க்கரை வந்தவங்களுக்கு சார்ட்டே கெடையாது, ஆனா அவங்களுக்குத் தான் முன்னாடி வருசம் நெறைய இருக்குது. நம்ம தெற்காசிய ஆளுகளுக்கு மத்த நாட்டுக்காரங்களை விட அஞ்சாறு வருசம் முன்னாடியே மொத அட்டாக் வருதுன்னு இன்டர்ஹார்ட் ஆராய்ச்சில பாத்திருக்காங்க. பொம்பளைகளுக்கு வராதுன்னு நெனைக்கறதும் தப்பு, சர்க்கரை வந்துட்டா அந்தச் சலுகை பெரும்பாலும் போயிருது, கர்ப்பத்துல பிபியோ சர்க்கரையோ இருந்துச்சா, மாதவிலக்கு 40க்கு முன்னாடி நின்னுச்சான்னு அதையும் எழுதுங்க.

காசு செலவு பண்றதுல ஒரு வார்த்தை. ஈசிஜி எடுத்துக்குங்க, ஆனா அது நார்மல்னா அடைப்பு இல்லைன்னு ஆகாது. தொந்தரவே இல்லாதவங்க எல்லாரும் ட்ரெட்மில், எக்கோன்னு பேக்கேஜ் போட்டுட்டு ஓட வேண்டியதில்ல. மாத்திரை வேணுமா வேண்டாமான்னு நடுவுல நிக்கறவங்களுக்கு கால்சியம் ஸ்கோர் சிடி, ஹார்ட் ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்குதான்னு பாக்கற ஸ்கேன், உதவும், மருந்து ஏத்தாம எடுக்கறது, சைபர் வந்தா நல்லது, 100ஐத் தாண்டுனா தெளிவா மேல் ரிஸ்க்.

பேப்பர டாக்டர்கிட்ட குடுத்துட்டு மூனு கேள்வி கேளுங்க: கொலஸ்ட்ரால எறக்கற ஸ்டேட்டின் மாத்திரை வேணுங்களா (40 தாண்டுன சர்க்கரைக்காரங்களுக்குப் பெரும்பாலும் வேணும்பாங்க), பிபிக்கு கிட்னியையும் பாத்துக்கற மாத்திரை ஆகுங்களா, சர்க்கரை மாத்திரைலயே ஹார்ட்டையும் கிட்னியையும் காப்பாத்தற வகை எனக்குப் பொருந்துங்களான்னு. பக்கத்து வீட்டுக்காரரு சாப்படறாருன்னு மெடிக்கல்ல ஆஸ்பிரின் வாங்கி நீங்களா ஆரம்பிக்காதீங்க, வயித்துல ரத்தக்கசிவு வந்தா அது தனி வம்பு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இந்தப் பேப்பரக் காட்டலாம், பிபி சுகர் மாத்திரை 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வருது.

மாமாவுக்கு ஸ்டேட்டினும் பிபி மாத்திரையும் ஆரம்பிச்சாச்சு, பீடி பாதியாக் கொறஞ்சிருக்குது, பாதிங்கறது அவரு சொல்ற கணக்கு. மாத்திரை ஆரம்பிச்சு நாலுலிருந்து பன்னெண்டு வாரத்துக்குள்ள கொலஸ்ட்ரால திருப்பிப் பாக்கோணும், யூரினும் பாக்கி இருக்குது. "ஆடி நோம்பி முடியட்டும் அம்மிணி, ஒறம்பரை வந்துருக்காங்க"ன்னு தள்ளிட்டே இருந்தாரு. நேத்து அவரே வந்து கவுண்டர்ல ரெண்டு யூரின் டப்பா கேட்டாரு, ஒன்னு அவருக்கு, ஒன்னு அத்தைக்காம்.