நெட்வொர்க்கிங் அசைன்மென்ட்டுக்கு முகம் தெரியாதவரிடம் உதவி கேட்பது எப்படி

"அண்ணா, நாளைக்கு சப்மிஷன். இதை மட்டும் போட்டுக் குடுங்க ப்ளீஸ்." இணையக் குழுவில் இப்படி ஒரு வரி, அதன் கீழே கோணலாக எடுத்த கேள்வித்தாள் போட்டோ. தருமபுரி, பர்கூர், ஓசூர் என்று எங்கே படிக்கிற பிள்ளை போட்டாலும் இதற்கு நடப்பது இரண்டில் ஒன்று. விஷயம் தெரிந்தவர்கள் கண்டும் காணாமல் போவார்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் தனியாக மெசேஜ் போட்டு, "முடிச்சுத் தர்றேன், பாதிப் பணம் இப்பவே ஜிபே பண்ணு" என்பார்.

இந்த இரண்டாவது ஆளிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். பணம் போனதும் பிளாக் செய்துவிட்டுப் போகிறவர் ஒரு ரகம். அப்படி ஏமாந்தால் தள்ளிப்போடாமல் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். ஒழுங்காக ஃபைல் அனுப்புகிறவரிடமும் சிக்கல் உண்டு. ஒரே பேக்கெட் ட்ரேசர் (நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டி ஓட்டிப் பார்க்கும் சாஃப்ட்வேர்) ஃபைலை அதே வகுப்பில் நாலு பேருக்கு விற்றிருப்பார். ரவுட்டர் பெயர்கள் ஒன்று, முகவரிகள் ஒன்று, எழுத்துப்பிழைகூட ஒன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடம் தியரியும் லேபும் சேர்ந்தே வருகிறது. லேபில் சார் பக்கத்தில் வந்து நின்று, "இந்த இன்டர்ஃபேஸுக்கு ஏன் /30 போட்ட?" என்று கேட்டால் வாங்கின ஃபைல் பதில் சொல்லாது.

ஆனால் வெளியாளிடம் கேட்பதே தப்பில்லை. நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களும் தினமும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் தப்பு எங்கே என்று கேட்பார்கள், விடையைக் கேட்பதில்லை. தப்பைக் காட்டச் சொல்ல வேண்டுமானால் முதலில் நீங்கள் ஏதாவது போட்டிருக்க வேண்டும். அதனால் முதலில் அந்தப் போடுகிற வேலை.

முகவரி பிரிப்பது

அசைன்மென்ட்டில் அதிகம் வருவது சப்நெட்டிங், அதாவது ஒரு முகவரித் தொகுதியைச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்று. கிருஷ்ணகிரி அலுவலகத்தில் 50 கம்ப்யூட்டர், காவேரிப்பட்டணம் ஆலையில் 30, பாலக்கோடு கிடங்கில் 12. கிருஷ்ணகிரியிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொரு லிங்க். கையில் இருப்பது 192.168.10.0/24. (/24 என்றால் முகவரியின் 32 பிட்டில் 24 நெட்வொர்க்குக்கு, மீதி 8 ஹோஸ்ட் பிட், அதாவது கம்ப்யூட்டர்களுக்கு.)

பெரியதிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கையோடு ரவுட்டருக்கு ஒரு முகவரி சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஆலையில் 30 கம்ப்யூட்டர், /27-இல் பயன்படுத்தக்கூடிய முகவரி 30, சரியாகப் பொருந்துகிறது என்று போட்டுவிடுவார்கள். கேட்வேக்கு, அதாவது அந்த ரவுட்டர் முகவரிக்கு, இடம் எங்கே? 31 தேவை, ஆகவே /26.

அலுவலகத்துக்கு 51 தேவை. 6 ஹோஸ்ட் பிட் என்றால் 64, அதில் நெட்வொர்க் முகவரியும் பிராட்காஸ்ட் முகவரியும் போக 62. ஆகவே 192.168.10.0/26, இது 63 வரை போகும். ஆலைக்கு 192.168.10.64/26, 127 வரை. கிடங்குக்கு 13 தேவை, /28-இல் 14 கிடைக்கும்: 192.168.10.128/28, 143 வரை. லிங்க் இரண்டுக்கும் /30: 192.168.10.144, 192.168.10.148. மாஸ்க் (அதே / எண்ணைப் புள்ளி வைத்து எழுதும் வடிவம்) கேட்டால் /26-க்கு 255.255.255.192, /28-க்கு 255.255.255.240, /30-க்கு 255.255.255.252.

சிறியதிலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும்? கிடங்குக்கு 0 முதல் 15 வரை கொடுத்துவிட்டு, அலுவலகத்தின் /26-ஐ 16-இல் தொடங்கப் பார்ப்பீர்கள். முடியாது. /26 எப்போதும் 0, 64, 128, 192 இந்த நாலில் ஒன்றில்தான் தொடங்கும். நடுவில் 16 முதல் 63 வரை ஓட்டை விழும்.

டிலே கணக்கு வந்தால் பிட்டையும் பைட்டையும் மட்டும் குழப்பாதீர்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே 50 கிலோமீட்டர் ஃபைபர், 10 எம்பிபிஎஸ் வேகம், 1500 பைட் பேக்கெட் என்று வைத்துக்கொள்வோம். 1500 பைட் என்பது 12,000 பிட். அதை 1 கோடியால் வகுத்தால் 1.2 மில்லிசெகண்ட், இது டிரான்ஸ்மிஷன் டிலே, பேக்கெட்டை லிங்க்கில் ஏற்ற ஆகும் நேரம். ஃபைபரில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆகவே புரொபகேஷன் டிலே 0.25 மில்லிசெகண்ட். மொத்தம் 1.45. எட்டால் பெருக்க மறந்தால் முதல் எண் 0.15 ஆகிவிடும், மீதியெல்லாம் சரியாகவே தெரியும்.

பேக்கெட் ட்ரேசரில் போடும்போது

முகவரி அட்டவணையைக் காகிதத்தில் எழுதி முடிக்காமல் சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் (ரவுட்டரில் கேபிள் செருகும் இடம்) பெயர், முகவரி, மாஸ்க். ஒவ்வொரு பிசிக்கும் கூடவே கேட்வே. திரையைப் பார்த்துக்கொண்டே முகவரி யோசித்தால் ஒரே எண் இரண்டு இடத்தில் விழும்.

லிங்க் சிவப்பாகவே இருந்தால் ரவுட்டர் இன்டர்ஃபேஸில் ‘நோ ஷட்டவுன்’ கொடுத்தீர்களா என்று பாருங்கள். ரவுட்டரில் இன்டர்ஃபேஸ் மூடியேதான் வரும், ஸ்விட்ச் அப்படியில்லை. சீரியல் கேபிள் என்றால் கடிகாரக் குறி இருக்கிற பக்கத்தில் ‘க்ளாக் ரேட்’ கொடுக்க வேண்டும். ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்’ அடித்தால் எது மேலே, எது கீழே என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ரிப் (ரவுட்டர்கள் தங்களுக்குத் தெரிந்த வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை) போடச் சொல்லியிருந்தால் ‘வெர்ஷன் 2’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வெர்ஷன் 1 தன் அறிவிப்பில் மாஸ்க்கை அனுப்பாது. நம் கணக்கில் லிங்க் /30, உள்ளே /26, /28 என்று மாஸ்க் வேறு வேறு. வெர்ஷன் 1-இல் அந்த சப்நெட்டுகள் லிங்க்கைத் தாண்டிப் போகவே போகாது. கட்டளையில் பிழை எதுவும் காட்டாது, ரூட் டேபிளில் மட்டும் அவை இருக்காது. ‘ஷோ ஐபி ரூட்’ அடித்து, ஆர் என்ற எழுத்தோடு அந்த சப்நெட்டுகளுக்கு வரிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் பிங், அதாவது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை. அலுவலகப் பிசியிலிருந்து ஆலைப் பிசிக்கு அடித்தால் முதல் பதில் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வரலாம், அடுத்த மூன்றும் ஒழுங்காக வரும். பதற வேண்டாம், ஆர்ப் என்ற முறையில் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) தேடுவதற்குள் முதல் பேக்கெட் விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான். மறுபடி அடித்தால் நாலும் வரும். பதிலில் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண்) 126 என்றிருந்தால் 128-இல் கிளம்பி இரண்டு ரவுட்டர் தாண்டியிருக்கிறது. நாலும் டைம் அவுட் ஆனால் பெரும்பாலும் போன பேக்கெட்டுக்குத் திரும்பி வர வழியில்லை என்று பொருள். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால் அதைச் சொல்வது எந்த ரவுட்டர் என்று முகவரியைப் பாருங்கள். வழி தெரியாமல் நிற்பது அந்த ரவுட்டர்தான்.

இப்போது கேளுங்கள்

இவ்வளவும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால் கேட்க உங்களிடம் விஷயம் இருக்கிறது. இது அசைன்மென்ட் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கமாண்ட் அவுட்புட்டைப் போட்டோவாகப் போடாமல் எழுத்தாக ஒட்டுங்கள். போனில் பார்க்கிறவருக்கு மங்கலான திரையில் 64-உம் 84-உம் ஒன்றுதான். ரெஜிஸ்டர் நம்பர், கல்லூரிப் பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். "அவசரம்" என்ற சொல்லும் வேண்டாம், அது யாரையும் அவசரப்படுத்தியதில்லை.

பதிவு இப்படி இருக்கலாம்:

"அசைன்மென்ட் கேள்வி. மூன்று ரவுட்டர், ரிப் வெர்ஷன் 2. அலுவலகப் பிசி 192.168.10.10. அதிலிருந்து ஆலை ரவுட்டர் 192.168.10.146 வரை பிங் போகிறது. ஆலைக்குள் இருக்கும் பிசி 192.168.10.70-க்கு அடித்தால் நாலும் டைம் அவுட். ஆலை ரவுட்டரிலிருந்தே அடித்தால் 70 பதில் தருகிறது. ஆலை ரவுட்டரின் ரூட் டேபிளில் 192.168.10.0/26 இருக்கிறது. 70-இல் மாஸ்க் 255.255.255.192, கேட்வே 192.168.10.1. எதைப் பார்க்க வேண்டும்?"

கடைசிக் கேள்விக்கு முந்தின வரியைத் திரும்பப் படியுங்கள். ஆலை சப்நெட் 64-இல் தொடங்குகிறது, கேட்வே 192.168.10.65 ஆக இருக்க வேண்டும். அலுவலகப் பிசியின் அமைப்பை அப்படியே நகல் எடுத்திருக்கிறார். பதிவை ஒழுங்காக எழுத உட்கார்ந்த பாதிப் பேர் அனுப்புகிற பட்டனைத் தொடுவதற்கு முன்பே இந்த மாதிரித் தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் தெரிந்த ஒருவர் பத்து விநாடியில் "கேட்வேயைப் பாரு தம்பி" என்று சொல்லிவிடுவார். இதற்குப் பணம் கேட்க ஆளே இருக்காது.

பதில் வந்ததும் திருத்தி ஓட்டிப் பார்த்துவிட்டு, "கேட்வே 65 என்று மாற்றினேன், ஓடுகிறது" என்று அதே இடத்தில் எழுதுங்கள். பிறகு ஃபைலை வேறு பெயரில் சேமித்து, அந்த கேட்வேயை மறுபடி தப்பாக மாற்றி, என்ன காட்டுகிறது என்று ஒருமுறை பாருங்கள். வைவாவில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

இரவு பதினொன்றாகியும் பதில் வரவில்லை, காலையில் ரெக்கார்டு நோட்டு வைத்தாக வேண்டும் என்றால், முகவரி அட்டவணையும் டோபாலஜி படமும் எழுதி, ஓடின பிங்கின் அவுட்புட்டையும் ஓடாததையும் சேர்த்து, "ஆலை ரவுட்டர் வரை போகிறது, உள்ளே போகவில்லை" என்று கீழே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். சப்நெட் பிரித்ததற்கு மதிப்பெண் பெரும்பாலும் தனி, ரூட்டிங்குக்குத் தனி. மாட்டிக்கொண்ட இடத்தை லேபில் மேடமே காட்டிக் கொடுப்பார்.